சிறகின் சான்றும் காலின் சான்றும்

“கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வழக்குக்கும் குடும்பப் பிணக்குக்கும் இதனை எடுத்தாளுவோர் பலர். இயற்கை ஆராய்ச்சிக்கும் இது பெரிதும் பொருந்தும் என்பதை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு காட்டுகின்றது. வண்ணத்துப்பூச்சி என்றவுடன் மனக்கண்முன் தோன்றுவது அதன் சிறகே. நிறமும் கோலமும் அங்கேயே இருக்கின்றன. ஆதலால், எது எதற்கு உறவு என்று ஆராயப் புகுந்த அறிஞரும் முதலிற் சிறகையே சான்றாகக் கொண்டனர். அச்சான்று அவர்களைப் பலமுறை ஏமாற்றியது. ஒருவரும் எளிதிற் பொருட்படுத்தாத சிறு காலொன்றே உறவின் உண்மையை உரைத்தது. அந்த உண்மை நிலைபெற இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குவது நிம்பலிடே என்னும் பெருங்குடும்பம். உலகில் இதுவரை அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, அஃதாவது 6,000 இனங்கள் வரை, இதனைச் சார்ந்தவை. தென்னமெரிக்கக் காடுகளில் நீலச்சுடர் வீசிப் பறக்கும் மோர்போவும், வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மைல் தூரம் இடம்பெயரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும், மடித்த சிறகாற் காய்ந்த இலைபோலத் தோன்றும் கல்லிமாவும், அந்திப்பொழுதில் நிழலோரமாகத் தத்திப் பறக்கும் மண்ணிற வகைகளும் இக்குடும்பத்தனவே. இவற்றை ஒருங்கு வைத்துக் காண்பவர் எவரும் இவை ஓர் குலத்தின் வழிவந்தவை என்று சொல்லத் துணியார்.

ஆயின், இவை யாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுண்டு. பூச்சிகளுக்கு ஆறு கால்கள் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. நிம்பலிடேக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சியோ நான்கு கால்களையே ஊன்றி நிற்கும். முன்னிரு கால்கள் குறுகி, பலவற்றில் மயிரடர்ந்து, சிறு தூரிகைகள்போல நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். நீண்ட மூக்குப்போன்ற உறுப்புடைய ஒரு சிறு கூட்டத்தின் பெண்பூச்சிகளில் மாத்திரம் அவை குறுகாது இருக்கின்றன. நடப்பதற்கு உதவாதனவாயினும் இம்முன்கால்கள் முற்றிலும் பயனற்றவையல்ல. பல இனங்களில் முட்டையிட வரும் பெண்பூச்சி இவற்றால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, தன் புழுவுக்கு அது தக்க உணவாகுமா என்பதை அறிந்துகொள்கின்றது.

லின்னேயஸ் வகுத்த அணிகள்

சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் தமது “இயற்கையின் ஒழுங்கு” என்னும் நூலின் பத்தாம் பதிப்பை 1758ஆம் ஆண்டு வெளியிட்டார். விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் முறை இந்நூலிலிருந்தே தொடங்குகின்றது. அதில் அவர் தாம் அறிந்த 192 வண்ணத்துப்பூச்சிகளையும் பப்பிலியோ என்னும் ஒரே சாதியில் அடக்கினார். அதனைப் போர்ப்படையை வகுப்பதுபோல ஆறு அணிகளாகப் பிரித்தார். குதிரைவீரர் எனப் பொருள்படும் ஏக்குவித்தேஸ், ஹெலிக்கோனி, தனாய், நிம்பாலேஸ், பொதுமக்கள் எனப் பொருள்படும் பிளெபேயி, அந்நியர் எனப் பொருள்படும் பார்பரி என்பன அவை. இனங்களின் பெயர்கள் பலவற்றைக் கிரேக்க, உரோமப் புராணங்களிலிருந்து எடுத்தமைத்தார். இன்றைய குடும்பப் பெயரும் நிம்பாலேஸ் என்னும் அவ்வணியின் பெயரை நினைவூட்டுவதே.

இவ்வணிகள் பெரும்பாலும் சிறகின் வடிவையும் கோலத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. கண்போன்ற புள்ளிகள் உண்டா, சிறகின் ஓரம் பல்போல வெட்டுண்டதா, சிறகு நீண்டு ஒடுங்கியதா என்பனவே அவர் கேட்ட வினாக்கள். அதன் பயனாகக் கோவா இலையைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும், எருக்குக் குலத்துச் செடிகளைத் தின்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் தனாய் என்னும் ஒரே அணியிற் சேர்ந்தன. ஐரோப்பிய மலைகளில் வாழும் அப்பலோவும், தென்னமெரிக்கக் காட்டு வண்ணத்துப்பூச்சிகளான மெல்பொமேனியும் ஏராட்டோவும் ஹெலிக்கோனி அணியில் ஒன்றுகூடின. இவை உறவினரல்ல என்பதை இன்று நாம் அறிவோம். பெயரே இல்லாதிருந்த பொருள்களுக்குப் பெயரும் இடமும் வகுத்த பெருமகனை இதற்காகக் குறைகூறல் தகாது. ஆயின் சிறகை நம்பியதன் முதற் பிழை அந்நூலிலேயே பதிவாயிற்று என்பதும் உண்மை.

நான்கு ஆண்டுகளின் பின், 1762இல், பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜொஃப்றுவா தமது பூச்சிநூலில் வண்ணத்துப்பூச்சிகளை நாலுகாலின, ஆறுகாலின எனப் பிரித்துக் காட்டினார். காலின் சான்று அன்றே மன்றில் வைக்கப்பட்டது எனலாம். அதன் முழுப்பொருளை உணர்வோர் அன்று இலர்.

ஒன்று இரண்டாகத் தோன்றிய கதை

சிறகு இருவகையாக ஏமாற்ற வல்லது. உறவில்லாத இரண்டை ஒன்றெனக் காட்டுவது ஒருவகை; ஒன்றையே இரண்டெனக் காட்டுவது மற்றொரு வகை. பின்னைய வகைக்கு எடுத்துக்காட்டும் லின்னேயஸின் அதே நூலில் உண்டு. ஐரோப்பாவில் இளவேனிலிற் பறக்கும் செம்மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிக்கு அவர் லெவானா எனப் பெயரிட்டார். கோடையிற் பறக்கும் கருநிறத்து, வெண்பட்டையுடைய வண்ணத்துப்பூச்சிக்குப் புரோர்சா எனப் பெயரிட்டார். இவை இரண்டும் ஓரினத்தின் இரு தலைமுறைகளேயாகும். கோடையிற் பறந்த கருநிறத் தாயின் வழிவந்து மாரிகாலத்தைக் கூட்டுக்குள்ளே கழித்த பிள்ளை, அடுத்த இளவேனிலிற் செம்மஞ்சளாக வெளிவரும்.

இவ்விரு கோலங்களுக்கும் காரணம் யாது என்பதை ஜெர்மனிய அறிஞர் ஓகஸ்ட் வைஸ்மான் பரிசோதனையால் ஆராய்ந்து, 1875இல் நூலாக வெளியிட்டார். கோடைக் கோலத்தைத் தரவேண்டிய கூட்டுப்புழுக்களை அவர் குளிரில் வைத்தார். அவற்றுட் பல இளவேனிற் கோலத்தையோ இரண்டுக்கும் இடைப்பட்ட கோலத்தையோ தாங்கி வெளிவந்தன. புழுப்பருவத்திற் கிடைக்கும் பகலொளியின் நீளமே இவ்வினத்தில் முதன்மையான காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிவாயிற்று.

வெப்பநாடுகளில் மாரியும் வறட்சியும் இதே வேலையைச் செய்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் கண்புள்ளிச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கும் லின்னேயஸ் 1758இல் அல்மானா எனவும் அஸ்தேரியே எனவும் இரு பெயர்களிட்டிருந்தார். வறட்சிக்காலத்தில் அதன் சிறகின் கீழ்ப்புறம் சருகுபோலவும் ஓரங்கள் கூர்மையாகவும் இருக்கும். மாரிக்காலத்திற் கண்புள்ளிகள் தெளிவாகத் தோன்றும். கல்கத்தாவிலிருந்த டி நிசேவில் என்பார் மண்ணிற வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றை முட்டையிலிருந்து தாமே வளர்த்து, வெவ்வேறு இனங்கள் எனக் கருதப்பட்டவை ஓரினத்தின் பருவக்கோலங்களே என்பதை 1886இற் காட்டினார். அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி அடுக்கிய ஆயிரம் பூச்சிகள் தராத விடையை ஒரு கூட்டில் வளர்ந்த சில புழுக்கள் தந்தன.

அமேசனிற் பதினோராண்டுகள்

உறவில்லாதவற்றை ஒன்றெனக் காட்டும் மற்றைய வகை ஏமாற்றத்தை வெளிப்படுத்தியவர் ஹென்றி வோல்ற்றர் பேற்ஸ். இவர் 1825இல் இங்கிலாந்தின் லெஸ்ற்றர் நகரிற் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதிற் பள்ளியை விட்டுக் காலுறை வணிகரொருவரிடம் தொழில் பழகச் சென்றவர். பகலெல்லாம் உழைத்து, இரவில் தொழிலாளர் கல்விக்கழகத்திற் படித்து, ஓய்வுநாளிற் பூச்சி சேர்த்து அறிவை வளர்த்துக்கொண்டார். அந்நகரிற் பள்ளியாசிரியராக வந்த அல்பிரட் றசல் வொலஸ் என்பவருடன் நூல்நிலையத்தில் ஏற்பட்ட நட்பு இருவர் வாழ்க்கையையும் மாற்றியது. 1848ஆம் ஆண்டு இருவரும் அமேசன் ஆற்றை நோக்கிக் கப்பலேறினர். சேகரிக்கும் பூச்சிகளையும் பறவைகளையும் இலண்டனில் விற்று, அப்பணத்தாற் பயணத்தைத் தொடர்வது அவர்கள் திட்டம்.

வொலஸ் 1852இல் நாடு திரும்பினார். பேற்ஸ் 1859வரை, பதினோராண்டுகள் அங்கேயே தங்கினார். காய்ச்சலும் தனிமையும் பணமுடையும் அவரை வாட்டின. ஆயினும் அவர் கொணர்ந்த செல்வம் பெரிது. 14,712 விலங்கினங்களைச் சேகரித்ததாகவும், அவற்றுள் 8,000 வரை விஞ்ஞானத்துக்குப் புதியவை எனவும் அவர் கணக்கிட்டார். எகா என்னும் ஊரின் அயலில் மாத்திரம் 550 வண்ணத்துப்பூச்சி இனங்களைக் கண்டார்.

அக்காட்டிலே நீண்டு ஒடுங்கிய சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாகப் பறந்தன. அவற்றின் நிறம் பகட்டானது. பறப்போ மிக மெதுவானது. எளிதிற் பிடிபடக்கூடிய அவற்றைப் பறவைகள் தாக்குவதை அவர் காணவில்லை. இக்கூட்டங்களிடையே இடைக்கிடை வேறொரு வண்ணத்துப்பூச்சியும் பறந்தது. கோலத்திலும் பறப்பிலும் அது கூட்டத்தினின்று வேறுபடவில்லை. கையிற் பிடித்து நோக்கியபோதுதான் வேறுபாடு புலனாயிற்று. கூட்டத்தைச் சேர்ந்த இதோமியா நான்கு காலில் நிற்பது. இடையிற் புகுந்த லெப்தாலிஸ் ஆறு கால்களையும் ஊன்றி நடக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தது. ஆற்றின் வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லச் செல்ல இதோமியாக்களின் கோலம் மாறியது. அவ்வவ்விடத்து லெப்தாலிஸின் கோலமும் அதற்கேற்ப மாறியது.

1859ஆம் ஆண்டு, பேற்ஸ் திரும்பிய சில மாதங்களின் பின், டார்வினின் “இனங்களின் தோற்றம்” வெளிவந்தது. தாம் கண்டதன் விளக்கத்தைப் பேற்ஸ் அதிற் பெற்றார். 1861 நவம்பரில் இலண்டன் லின்னேயஸ் கழகத்தில் அவர் படித்த கட்டுரை அடுத்த ஆண்டு அச்சாயிற்று. பறவைக்குச் சுவைக்காத பூச்சியை ஒரு சிறிது ஒத்த பூச்சி மற்றவற்றைவிடத் தப்பிப் பிழைக்கும். அதன் சந்ததியுள்ளும் கூடுதலாக ஒத்தவை கூடுதலாகப் பிழைக்கும். இவ்வாறு பல தலைமுறைகளில் ஒப்புமை நிறைவுறும் என்பதே அவர் கருத்து. போலியொப்புமை என நாம் கூறத்தக்க இக்கொள்கையை டார்வின் பெரிதும் போற்றினார். 1866இல் வெளிவந்த தமது நூலின் நான்காம் பதிப்பில் அதற்கு இடமுமளித்தார். இயற்கைத் தேர்வுக்குக் களத்திலிருந்து கிடைத்த முதற்பெருஞ் சான்றுகளுள் இது ஒன்றாகும்.

பேற்ஸின் மற்றொரு பணி அவ்வளவு புகழ்பெறவில்லை. சிறகு எவ்வளவு பொய் சொல்ல வல்லது என்பதைக் கண்ட அவர், உறவை அறிதற்கு வேறு சான்றைத் தேடினார். அமேசன் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1861 முதல் 1864 வரை எழுதிய கட்டுரைகளில் முன்காலின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு குடும்பங்களை வகுத்தார். பிறர் தனித்தனியே வைத்த தனாய் வகையும் மண்ணிற வகையும் ஹெலிக்கோனியஸ் வகையும் அவர் வகுப்பில் நிம்பலிடே என்னும் ஒரே குடும்பத்தின் கிளைகளாயின. சிறகின் பொய்யை வெளிப்படுத்தியவரே காலின் மெய்யையும் எடுத்துரைத்தார் என்பது இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது.

கணித ஆசிரியர் தீர்த்த புதிர்

பேற்ஸ் விடுவிக்காத புதிர் ஒன்று எஞ்சியிருந்தது. சுவையற்ற ஓரினமும் சுவையற்ற மற்றோரினமும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை அவரே கண்டிருந்தார். தன்னிடமே பாதுகாப்புள்ள ஒன்று மற்றொன்றின் வேடத்தைப் பூணுவானேன்?

இதற்கு விடை கண்டவர் பிறிற்ஸ் முல்லர். ஜெர்மனியிற் பிறந்த இவர், மருத்துவப் பட்டம் பெறும்போது செய்யவேண்டிய சமயச் சத்தியத்தைச் செய்ய மறுத்து, அதனால் அத்தொழிலை இழந்தவர். 1852இல் பிறேசில் நாட்டின் தென்பகுதியிலுள்ள பிளூமெனோ என்னும் புதுக்குடியேற்றத்துக்குச் சென்று காடு வெட்டிப் பயிர்செய்தார்; பின்னர்ச் சில ஆண்டுகள் கணித ஆசிரியராகவும் கடமையாற்றினார். இத்தூனா, திரிதியா என்னும் இரு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி 1879இல் அவர் எழுதிய கட்டுரையிற் கணித ஆசிரியரின் கை தெரிகின்றது. இவை இரண்டும் கண்ணாடிபோன்ற சிறகுடையவை. இரண்டும் பறவைக்கு ஆகாதவை. ஆயினும் நெருங்கிய உறவால் வந்த ஒப்புமையன்று இது என்பதை அவர் நுண்ணுறுப்புகளைக் கொண்டு காட்டினார்.

அவர் வாதம் எளியது. எந்தப் பூச்சி சுவையற்றது என்பதைப் பறவைக்குஞ்சு பிறவியிலேயே அறியாது. கொத்திப் பார்த்தே கற்கவேண்டும். ஒரு காட்டில் ஓரினத்திற் 10,000 பூச்சிகளும் மற்றோரினத்தில் 2,000 பூச்சிகளும் இருப்பதாகவும், ஒரு கோலத்தைக் கற்பதற்குள் அங்குள்ள இளம்பறவைகள் 600 பூச்சிகளைக் கொல்வதாகவும் கொள்வோம். கோலம் வேறாயின் ஒவ்வோரினமும் 600ஐ இழக்கும். கோலம் ஒன்றாயின் இரண்டும் சேர்ந்தே 600ஐ இழக்கும். பேரினம் 500ஐயும் சிற்றினம் 100ஐயும் கொடுத்தாற் போதும். இருவருக்கும் ஆதாயம், சிறுபான்மையினத்துக்கோ பேராதாயம். பேற்ஸின் ஒப்புமை ஏமாற்று. முல்லரின் ஒப்புமை கூட்டுறவு. உயிரியலிற் கணக்கைக் கொண்டு வாதித்த முன்னோடிக் கட்டுரைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இலங்கையிற் கிடைத்த சான்றுகள்

இக்காலத்தில் இலங்கையிலும் இத்துறையில் அரும்பணி நடந்தது. பேராதனைப் பூங்காவின் தலைவராகவிருந்த துவெயிற்ஸ் என்பாரின் மேற்பார்வையில், அப்பூங்காவின் ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸின் புதல்வர்களான வில்லியமும் ஜோர்ஜும் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டிற்பூச்சிகளையும் வரைந்தனர். இலண்டனிலே பிறெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கு அழகூட்டியவை இவ்வோவியங்களே. நூலாசிரியரின் பெயரை உலகம் அறியும். ஓவியர் பெயரை அறிந்தோர் சிலரே. அவர்கள் சிறகை மாத்திரம் வரைந்தாரல்லர். புழுவையும் கூட்டுப்புழுவையும் கூட வரைந்தனர். அதன் பெறுமதியை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம்.

இலங்கையின் வறண்ட பகுதிகளில் எருக்கலைப் பற்றைகளின் அயலிலே செம்மஞ்சட் சிறகும் கருநிற நுனியுமுடைய வண்ணத்துப்பூச்சி ஒன்று மெதுவாகப் பறப்பதைக் காணலாம். இது தனவுஸ் கிறிசிப்பஸ். இதன் புழு எருக்கலை இலையைத் தின்பது. அதே இடங்களில் அதே நிறத்தோடு பறக்கும் மற்றொன்று ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்னும் இனத்தின் பெண். இதன் ஆணோ கருஞ்சிறகில் ஊதாவிளிம்புடைய வெண்புள்ளிகள் தாங்கியது. தன் பெண்ணோடு சிறிதும் ஒவ்வாதது. கிறிசிப்பஸின் பின்சிறகு நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். மிசிப்பஸ் பெண்ணின் பின்சிறகில் முன்னோரத்தில் ஒரு புள்ளியே உண்டு. இவ்வளவே வேறுபாடு. ஆயின் புழுக்களைப் பாருங்கள். கிறிசிப்பஸின் புழு வழவழப்பானது. மூன்று சோடி மென்கொம்புகளும் நிறவளையங்களும் உடையது. மிசிப்பஸின் புழு பருப்புக்கீரை முதலியவற்றைத் தின்னும் கரிய புழு. உடலெங்கும் கிளைவிட்ட முட்கள். சிறகு மறைத்த வேற்றுமையைப் புழு மறைக்கவில்லை. இவை இரண்டும் நெருங்கிய உறவினரல்ல. ஆயினும் இரண்டும் நான்கு காலில் நிற்பவை. ஆதலால் ஒரே பெருங்குடும்பத்தின் தொலைவான கிளைகள்.

அந்நாளைய நூல்கள் அவ்வாறு கொள்ளவில்லை. எவன்ஸ் என்னும் படையதிகாரி இந்திய வண்ணத்துப்பூச்சிகளை அடையாளங் காண்பதற்கு எழுதிய கைந்நூலும், 1942இல் கொழும்பில் வெளிவந்த வூட்ஹவுஸின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலும் தனாய் வகையையும் மண்ணிற வகையையும் தனித்தனிக் குடும்பங்களாகவே கொண்டன. அடையாளங் காண்பதற்கு அப்பிரிவு வசதியானது. ஆயினும் வசதி வேறு, உறவு வேறு.

பறவைகளின் தீர்ப்பு

போலியொப்புமைக் கொள்கை பல்லாண்டுகள் வாதமாகவே இருந்தது. பறவை உண்மையிலேயே கற்று ஒதுக்குகின்றதா என்பதைப் பறவையையே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டவர்களுள் முதன்மையானவர் ஜேன் வான் சாண்ட் பிறவர் என்னும் அம்மையார். 1958இல் அவர் வெளியிட்ட பரிசோதனைகள் வட அமெரிக்காவின் இரு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியவை. ஆங்கிலத்தில் அவற்றின் பெயர்கள் ‘முடியரசர்’, ‘இராசப்பிரதிநிதி’ எனப் பொருள்படும். இரண்டும் செம்மஞ்சள் நிறமும் கருவரியும் உடையவை. முன்னது தனாய் வகை, பின்னது வேறு கிளையினது. கூட்டில் வைத்த பறவைகள் முடியரசரை உண்டு பட்டறிந்தபின் இராசப்பிரதிநிதியையும் தொட மறுத்தன.

அந்நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் ஆய்வாளர் கண்டனர். லிங்கன் பிறவரும் துணைவர்களும் எருக்குக் குலத்துச் செடிகளுக்குப் பதிலாகக் கோவா இலையை உண்ணுமாறு முடியரசர் புழுக்களைப் பழக்கினர். அவற்றிலிருந்து வந்த வண்ணத்துப்பூச்சிகளைப் பறவைகள் தீங்கின்றி உண்டன என 1967இல் அறிவித்தனர். செடியின் பாலிலுள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சே பூச்சியின் உடலிலும் உள்ளது என்பதை இரசாயன ஆய்வும் அடுத்த ஆண்டில் உறுதிப்படுத்தியது.

ஆயினும் தீர விசாரித்தல் அத்துடன் முடியவில்லை. இராசப்பிரதிநிதி தீங்கற்ற போலி என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் கூறிவந்த கதை. 1991இல் றிற்லண்ட் என்பவரும் லிங்கன் பிறவரும் ஒரு புதிய சோதனை செய்தனர். சிறகுகளை நீக்கி, உடலை மாத்திரம் பறவைகளுக்கு இட்டனர். சிறகின் சான்று இல்லாதபோது பறவை நாவாற் சுவைத்தே தீர்ப்பளித்தது. இராசப்பிரதிநிதியும் முடியரசரைப் போலவே சுவையற்றது என்பது அத்தீர்ப்பு. ஏமாற்று என எண்ணப்பட்டது முல்லர் கூறிய கூட்டுறவாக முடிந்தது. பாடநூல்கள் திருத்தப்பட வேண்டியவையாயின.

மீண்டும் ஒன்றாகிய குடும்பம்

1958ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டிலே போல் ஏர்லிக் வண்ணத்துப்பூச்சிகளின் உடலமைப்பை உறுப்புறுப்பாக ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், பல குடும்பங்களாகச் சிதறியிருந்த நாலுகாலினங்களை மீண்டும் நிம்பலிடே என்னும் ஒரு குடும்பத்துட் சேர்த்தார். நீள்மூக்குக் கூட்டத்தை மாத்திரம் அவர் புறத்தே நிறுத்தினார். பின்வந்த ஆய்வாளர் அதனையும் உள்ளே கொணர்ந்தனர். பரம்பரைப் பொருளான டி.என்.ஏ.யைக் கொண்டு நிக்லஸ் வால்பேர்க்கும் துணைவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இக்குடும்பத்தின் ஏறத்தாழ 400 சாதிகளை ஒப்பிட்டது. நீள்மூக்குக் கூட்டம் ஆதியிலே பிரிந்த கிளை. தனாய் வகை அதனையடுத்துப் பிரிந்த கிளை. குடும்பத்தின் தோற்றம் ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என அவ்வாய்வு கண்டது. பேற்ஸ் ஒரு கைவில்லையைக் கொண்டு காலைப் பார்த்துச் சொன்னதன் சாரத்தை நூற்றைம்பது ஆண்டுகளின் பின் புதிய கருவிகள் வழிமொழிந்தன.

அதே கருவிகள் சிறகின் கதைக்கும் ஒரு புதிய அதிகாரம் சேர்த்தன. மெல்பொமேனியும் ஏராட்டோவும் மிகநெருங்கிய உறவில்லாதவை. ஆயினும் அமெரிக்க வெப்பநாடுகள் பலவற்றில் ஒரே கோலம் தாங்கிப் பறப்பவை. இவை முல்லர் கூறியவாறு தனித்தனியே அக்கோலத்தை அடைந்தவை. ஆயின் மெல்பொமேனியும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவும் வேறொரு வழியிற் கோலத்தைப் பகிர்ந்தன. இடைக்கிடை நிகழ்ந்த கலப்பினால், சிறகின் நிறத்தை ஆளும் பரம்பரையலகுகள் ஓரினத்திலிருந்து மற்றோரினத்துக்குச் சென்றன என்று 2012இல் வெளியான கூட்டாய்வு காட்டியது. கோலம், இரவற் பட்டுடுத்தியதுபோல, அயலவரிடமிருந்தும் வரக்கூடும். உறவுக்குச் சிறகு நல்ல சான்றன்று என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

முடிவுரை

இலங்கையில் அறியப்பட்ட ஏறத்தாழ 250 வண்ணத்துப்பூச்சி இனங்களுள் நான்கிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை நாலுகாலில் நிற்கும் இக்குடும்பத்தன. அவற்றை அறிவதற்கு அமேசன் காட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. எருக்கலைப் பற்றையின் அருகே சிறிதுநேரம் பொறுமையாக நிற்றல் போதும்.

இவ்வரலாற்றிற் பிழைபட்டோர் யாவரும் அறிவிற் குறைந்தவரல்லர். லின்னேயஸ் ஒரு பேரறிஞர்; ஆயினும் கண்முன் பெரிதாக விரிந்ததை நம்பினார். அவர் பிழையைத் திருத்தியோருட் காலுறைக் கடையில் வளர்ந்த இளைஞரும், பட்டமிழந்து காடு வெட்டியவரும், பூங்காவில் வளர்ந்த புழுவை உற்றுநோக்கிய ஓவியரும், பறவைக்கூட்டின் முன் குறிப்பெழுதிய அம்மையாரும் உளர். இவர்கள் அனைவரும் செய்தது ஒன்றே: பகட்டானதை விட்டு, சிறியதும் மறைந்துகிடப்பதுமான சான்றைத் தேடினர், தேடியபின்னும் அதனை மீண்டும் சோதித்தனர். நெஞ்சோடு ஒடுங்கிக் கிடக்கும் அச்சிறு காலை இனிக் காணும்போது, தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழி நினைவுக்கு வருதல் தகும்.